புதுத் தண்ணீருக்கு என்ன நிறம்? ஒரு நூல் அட்டையின் நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சிறு பதிப்பகங்களுக்கு நூல் அட்டை செய்து கொடுக்கிறேன். வேலை சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும். அச்சு சென்னையிலோ சிவகாசியிலோ நடக்கும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, ஓர் அட்டைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கேட்பார்கள். மூன்றும் இதில் வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓர் அட்டைக்குத் தேவையான விவரங்களில் பெரும்பகுதி நூலாசிரியரிடமும் அச்சகத்திலும்தான் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது வேலையில் பாதி. அந்தப் பாதிக்கும் கூலி உண்டு என்பதில் நமக்கே சந்தேகம் இருக்கக் கூடாது.

இதை விளக்க ஒரே ஓர் அட்டையை எடுத்துக்கொள்கிறேன்.

நூல், பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதிய நினைவுக் கட்டுரைகள். டெல்டாக்காரர்களுக்கு லஸ்கர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மேலிருந்து வரும் உத்தரவுப்படி மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குபவர், நீர்மட்டத்தைப் பார்த்துக் குறித்து வைப்பவர், ராத்திரி கரை உடையாமல் காவல் இருப்பவர். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. வெண்ணாற்றுத் தண்ணீர் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடியும் பிரிகிறது. நூலாசிரியர் அந்தப் பகுதிக்காரர். பதிப்பகத்தைச் சென்னையில் இரண்டு நண்பர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே நடத்துகிறார்கள். டெமி அளவு (140-க்கு 216 மி.மீ.), 208 பக்கம், முதல் அச்சு 300 பிரதி. பெயர்களை இங்கே போடவில்லை. தலைப்பில் 'ஆற்று', 'தண்ணீர்' என்ற இரண்டு சொற்கள் இருந்தன என்பது தெரிந்தால் போதும்.

மலை இல்லாத ஊர்

பதிப்பகத்திலிருந்து முதலில் வந்தது ஒரு மாதிரிப் படம். ஏஐ கருவியில் செய்தது. நீல நிறத்தில் ஆறு, பச்சை வயல், பின்னால் அடுக்கடுக்காக மலை. "இதையே கொஞ்சம் சரிபண்ணி, மேலே தலைப்பைப் போட்டுக் கொடுத்துடுங்க" என்றார்கள். பெரும்பாலான வேலைகள் இப்படித்தான் வருகின்றன. இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பகலில் அலுவலகம், இரவில் மெய்ப்பு என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு படத்தைக் காட்டிப் பேசுவதுதான் சுலபம்.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். மெய்ப்பு முடிந்த பிரதி, ஆசிரியரின் போன் எண். இந்த இரண்டும் இல்லாமல் எந்த அட்டையையும் தொடங்குவதில்லை.

படத்தைப் பார்த்ததும் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நம்ம பக்கம் மலை எங்கே இருக்கு?" என்பது. டெல்டாவில் எந்தத் திசையில் திரும்பினாலும் வானம் தரையில்தான் முடியும். இடையில் தென்னை, பனை, மூங்கில், கோயில் கோபுரம், இவ்வளவுதான். அதோடு அவர் நிற்கவில்லை. "தண்ணி ஏன் நீலமா இருக்கு? மேட்டூர் திறந்து மொதத் தண்ணி வரும்போது செவலையா வரும். நுரை, சருகு, செத்தை எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டு வரும். அதைப் பார்த்தாத்தான் எங்களுக்கு உசுரு வரும்."

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்காகத் திறக்கப்படும், அணையில் போதிய இருப்பு இருந்தால். கோடையில் காய்ந்து கிடந்த ஆற்றுப் படுகை வழியாக வருகிற முதல் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டுதான் வரும். நூலின் முக்கால்வாசிக் கட்டுரைகள் அந்த வரவைச் சுற்றித்தான் இருந்தன. ஆக, அட்டையின் நிறத்தை ஆசிரியரே ஒரு போன் பேச்சில் முடிவு செய்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போன் எண் வாங்குகிறேன்.

பிரதியை வாசித்தபோது இன்னொன்று கிடைத்தது. கட்டுரைகளில் திரும்பத் திரும்ப 'கேஜ்' வருகிறது. மதகின் பக்கச் சுவரில் கறுப்பு வெள்ளையாகக் கட்டம் போட்டு எண் எழுதிய அளவுகோல். நள்ளிரவில் டார்ச் அடித்து அதைப் பார்த்துவிட்டு வந்து குறிப்பேட்டில் எழுதுகிற காட்சி நூலில் பல இடத்தில் உண்டு. நீடாமங்கலம் போய்க் கரையில் நின்று அப்படி ஒன்றைப் பார்த்தேன். பெயின்ட் உரிந்திருந்தது. தண்ணீர் நின்றுபோன உயரத்தில் ஒரு கறை, அதற்குக் கீழே வேறொரு கறை. எண்கள் நிரவலாக இல்லை, கையால் எழுதியவை. '4'-இன் கால் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. அதைப் புகைப்படமாக அட்டையில் போடாமல் வரைந்தே எடுத்தேன். கட்டம் கட்டமான உருவம் வரைந்தால் சின்ன அளவிலும் தெளிவாக நிற்கும். புகைப்படத்தின் உரிமை, அனுமதி என்ற பேச்சும் வராது.

று-வின் வால்

அட்டையை வாசகர் மூன்று இடங்களில் பார்க்கிறார். போனில், வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ, கட்டைவிரல் அகலத்தில். புத்தகக் காட்சி மேசையில், படுத்த நிலையில், சுற்றிலும் நூறு அட்டைகளுக்கு நடுவே. அப்புறம் நூலக அடுக்கில், ஸ்பைன், அதாவது நூலின் முதுகு, மட்டும் தெரியும்படி. மூன்று இடத்திலும் முதலில் கண்ணில் படுவது எழுத்து. படம் பிறகுதான். அதனால் என் நேரத்தில் பெரும்பங்கு தலைப்பெழுத்துக்குத்தான் போகிறது. விலை பேசும்போதும் இதைச் சொல்லியே பேசுகிறேன்.

தமிழ்த் தலைப்பை இரண்டு வரியாக அடுக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். மேல்வரியில் 'ஆற்று'. று-வின் வால் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. கீழ்வரியில் 'தண்ணீர்'. ண்-இன் புள்ளி, ணீ-யின் சுழி, ர்-இன் புள்ளி மூன்றும் மேலே எழுகின்றன. வரி இடைவெளியைக் குறைத்தால் வாலும் சுழியும் முட்டும். கூட்டினால் தலைப்பு இரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களாகத் தெரியும். ரோமன் பெரிய எழுத்துகளில் மேலேயும் கீழேயும் இப்படி எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காது. வெளிநாட்டு அட்டைகளைப் பார்த்து அதே போல நெருக்கமாகத் தமிழை அடுக்க முயன்றால் வராததற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தலைப்பில் நான் செய்தது: கீழ்வரியை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினேன், று-வின் வால் த-வுக்கும் ண்-க்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் வந்து விழும் வரை. பிறகு எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி வாலின் நுனியைக் கொஞ்சம் வெட்டினேன், ணீ-யின் சுழியைக் கொஞ்சம் தணித்தேன். புள்ளிகளைப் பெரிதாக்கினேன். போனில் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான். புள்ளி போனால் 'ஆற்று' 'ஆறறு' ஆகிவிடும். சரி பார்ப்பதற்கு என் வழி சாதாரணமானது. அட்டையை 2 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி, போனுக்கு அனுப்பி, வாசலில் வெயிலில் நின்று கையை நீட்டிப் படிக்க வேண்டும். அந்த நிலையில் தடுக்காமல் வாசிக்க முடிந்தால் சரி.

எழுத்துரு விஷயத்தில் இன்று நிலைமை நன்றாகவே இருக்கிறது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம், கவிவனார், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் எல்லோரும் அதே நாலைந்தை எடுப்பதால் மேசையில் அட்டைகள் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன. இந்த நூலுக்கு மதகுச் சுவர்களிலும் துறையின் பெயர்ப்பலகைகளிலும் எனாமல் பெயின்டில் தட்டைப் பிரஷ்ஷால் எழுதுவார்களே, அந்தச் சாயலில் நானே வரைந்தேன். தடித்த கோடு, சட்டென்று முடிகிற நுனி. நம் ஊர்ப் பெயின்டர்கள் எழுத்தில் எவ்வளவு தெளிவு இருக்கிறது என்பதை வரைந்து பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. வடிவமைப்பு படிப்பவர்கள் கணினிக்கு வருமுன் ஒரு மாதம் அவர்களிடம் உட்கார வேண்டும் என்பது என் கருத்து.

துணைத்தலைப்பில் 'நினைவுகள்' வந்தது. ஆசிரியரின் குறிப்பேடுகளில் னை பழைய வடிவில், துதிக்கை வைத்தே இருந்தது. 1978-இல் அரசாணை வந்து எழுத்து மாறிய பிறகும் அவர் கை மாறவில்லை. அதை முன்அட்டையில் வைக்கலாமா என்று பதிப்பாளர் ஆசைப்பட்டார். இளைய வாசகர்கள் அங்கே தடுமாறுவார்கள் என்பதால் வேண்டாம் என்றேன். பதிலாக அவர் குறிப்பேட்டின் ஒரு வரியை ஸ்கேன் செய்து, நீர்மட்ட எண்ணோடு பின்அட்டையில் வைத்தோம். நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பின்அட்டைக் குறிப்பு, யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவான பாமினியில் வந்தது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது ஆங்கிலத்து அரைப்புள்ளி விசையில். அதனால் யூனிகோடுக்கு மாற்றும்போது முதலில் கெடுவது நிறுத்தற்குறிகளும் மேற்கோள்குறிகளும். மாற்றிய பிரதியை ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ மறுபடி வாசிக்கக் கொடுக்காமல் அட்டையில் ஏற்றக் கூடாது. மென்பொருளைப் பற்றி ஒரு வரி: இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரையும், போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜினையும் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்காரும். காசு செலவழிக்க முடியாதவர்கள் இங்க்ஸ்கேப்பில் தொடங்கலாம், தமிழை ஒழுங்காகக் காட்டும். எதில் செய்தாலும் அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்தெல்லாம் கர்வ்ஸாக இருக்க வேண்டும். அங்கே பழைய கோரல் டிரா இருந்தால் 'கொ' பிரிந்து நிற்கும்.

எழுத்தின் அளவும் தாளின் விலையும் ஒன்றையொன்று இழுப்பது நம் பகுதிக்குப் புதிதில்லை. 1710-களில் தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்து அச்சகத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, தாளோ பற்றாக்குறை. பக்கத்தில் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் வேலையை நடத்தினார்கள்.

தாள் மாறினால் அட்டை மாறும்

முதல் யோசனை கேஜை ஸ்பைனில் வைப்பது. அடுக்கில் நிற்கும் நூலே அளவுகோலாகத் தெரியும். பதிப்பாளருக்கும் பிடித்திருந்தது. இதைக் கைவிட்டதற்குக் காரணம் பைண்டிங். முதுகில் பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் அட்டை ஒன்றிரண்டு மி.மீ. இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்வது சாதாரணம். ஸ்பைன் விளிம்போடு சரியாக முடிகிற கட்டம் இருந்தால் அந்த நகர்வு பளிச்சென்று தெரியும். அதனால் கேஜை முன்அட்டையில், மடிப்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி வைத்தேன். ஸ்பைனுக்கு ஒரே நிறம், அதுவும் இரண்டு பக்கமும் அட்டைக்குள் தொடர்ந்து போகும்படி. எவ்வளவு நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஸ்பைன் கணக்கு இப்படி: 208 பக்கம் என்றால் 104 தாள். 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள மேப்லித்தோ ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்று வைத்தால் ஸ்பைன் 10 மி.மீ. பக்கம் வரும். கடைசி நேரத்தில் பதிப்பாளர் பல்க்கி க்ரீம் தாளுக்கு மாறினார். அது 0.13 மி.மீ. அளவில் இருந்தது, ஸ்பைன் 13.5 ஆனது. இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். தாளுக்குத் தாள், மில்லுக்கு மில் மாறும். அச்சகத்தில் அதே தாளில் நூறு எடுத்து அழுத்திப் பிடித்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். "ரெண்டு நிமிஷம் இருங்க அண்ணே" என்று அளந்தே சொல்வார்கள்.

முழு அட்டை 140 + 13.5 + 140, அதாவது 293.5 மி.மீ. வெட்டுக்காகப் பக்கத்துக்கு 3 மி.மீ. விட்டால் 299.5. உயரம் அதேபோல 222. இது 12-க்கு 18 அங்குல டிஜிட்டல் ஷீட்டில் வசதியாக உட்காரும். பதிப்பாளர் இரண்டு பக்கமும் அட்டை உள்ளே மடங்கும்படி 80 மி.மீ. மடிப்பு கேட்டார். கூட்டிப் பார்த்தால் 459.5, ஷீட்டின் நீளமோ 457. அந்த இரண்டரை மி.மீ.க்காக 13-க்கு 19 ஷீட்டுக்குப் போக வேண்டும், செலவு கூடும். மடிப்பைக் கைவிட்டோம். இப்படிப்பட்ட கணக்கை முதல் நாளே சொல்லிவிட்டால் பதிப்பாளர் நம்மை நம்பத் தொடங்குவார்.

நிறத்துக்கு வருகிறேன். 'பழுப்பு அட்டை மேசையில் எடுபடாது' என்ற பயம் பதிப்பாளருக்கு இருந்தது, நியாயமான பயம். அதனால் மேல் பகுதியைத் தாள் வெள்ளைக்கு நெருக்கமாக விட்டு, கீழ்ப் பகுதியில் மட்டும் தண்ணீர் நிறத்தை ஏற்றினேன். தலைப்பு நீர்மட்டத்துக்கு மேலே, தனிக் கறுப்பில், அடியில் உள்ள நிறத்தின் மேலேயே அச்சாகும் ஓவர்பிரின்ட்டாக. தண்ணீருக்கு சிஎம்ஒய்கே-யில், அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளில், 20, 50, 75, 15 சதவீதம் என்று தொடங்கினேன். திரையில் அழகாக இருந்தது. பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்ட மாதிரிப் பிரதியில் மங்கி, செங்கல் நிறம் காட்டியது. மெஜந்தாவைக் குறைத்து மஞ்சளை ஏற்றினேன். ஆசிரியரிடம் அச்சிட்ட மாதிரியைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ரெண்டாம் நாள் தண்ணி தம்பி. மொத நாளு இன்னும் கலங்கலா இருக்கும்." கறுப்பைக் கொஞ்சம் கூட்டியதும் ஒப்புக்கொண்டார். பதிப்பாளர் போனில் பார்த்துவிட்டு அழுக்காகத் தெரிகிறது என்றார். அவருக்குத் தாளிலேயே அனுப்பி வைத்தேன், கூரியர் செலவு என்னுடையது. அதன் பிறகு பேச்சு எழவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி நிறத்தை முடிவு செய்வது வீண் வேலை. வேறு வழி இல்லையென்றால் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

கூலிக் கணக்கு

முழு அட்டைக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் வழக்கமாக இருந்த 1,200 பிரதி அச்சில் ஒரு பிரதிக்கு நாலு ரூபாய்ச் சொச்சம். 300 பிரதி என்றால் கிட்டத்தட்ட 17 ரூபாய். பதிப்பாளர் பேரம் பேசுவது இதனால்தான். நம் உழைப்போ 300-க்கும் 1,200-க்கும் ஒன்றுதான். இந்த இழுபறிக்கு நான் கண்டுகொண்ட வழி, கூலியை அச்சோடு கட்டிவிடுவது. இந்த நூலுக்கு முதல் அச்சு 500 பிரதி வரை 3,000. மறு அச்சு ஒவ்வொன்றுக்கும் 1,500. மின்னூல் அதிலேயே அடக்கம். போஸ்டர், மொழிபெயர்ப்புப் பதிப்பு தனி. பாதி முன்பணம். இரண்டு சுற்றுத் திருத்தம், மூன்றாவதுக்குக் கட்டணம். நூல் ஓடினால் எனக்கும் வரும், ஓடாவிட்டால் பதிப்பாளருக்குச் சுமை குறைவு.

இதெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுத்தில் இருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளப்படும். 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர். எதை எத்தனை அச்சுக்குக் கொடுக்கிறோம் என்று நாம் எழுதாவிட்டால் பிறகு பேச இடமில்லை. பதிப்பு விவரப் பக்கத்தில் 'அட்டை வடிவமைப்பு' என்று பெயர் வருவதையும் அதே கடிதத்தில் சேர்க்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, வடிவமைப்புச் சேவைக்கு உண்டு. ஆனால் ஆண்டு மொத்த விற்றுவரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் சேவை செய்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். 2006-ஆம் ஆண்டு சிறு, குறுந்தொழில் சட்டப்படி பதிவு பெற்றவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். இரண்டு பேர் நடத்தும் பதிப்பகத்துக்கு நோட்டீஸ் அனுப்ப எனக்கு மனம் வராது. பில்லில் தேதி போட்டு அந்த விதியை ஒரு வரியாக அச்சடித்திருப்பதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடமிருந்து இலவசமாகவே கிடைக்கும், இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு புதிய பதிப்பாளரிடமும் சொல்லிவிடுகிறேன். பார்கோடுக்குப் பின்அட்டையில் வெள்ளைக் கட்டம் ஒதுக்குவது நம் பொறுப்பு.

ஜனவரிக்கு முன்னால்

1977-இலிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால் எல்லாப் பதிப்பகத்துக்கும் அட்டை நவம்பர், டிசம்பரில்தான் வேண்டும். டெல்டாவில் அதுதான் அடைமழைக் காலம், புயல் காலமும்கூட. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துப் போன பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இங்கிருந்து தொழில் செய்கிறவர் யூபிஎஸ், இரண்டாவது இணைய இணைப்பு, வெளியூரில் ஒரு நகல் என்று வைத்துக்கொள்வது கட்டாயம். அதைவிடப் பயன் தருவது, தீபாவளிக்கு முன்னால் பிரதி கொடுப்பவருக்குக் கட்டணத்தில் சலுகை. இந்த லஸ்கர் நூல் அப்படித்தான் சீக்கிரம் வந்தது. அதனால்தான் மாதிரிப் பிரதி எடுத்து நிறம் பார்க்க நேரம் கிடைத்தது.

300 பிரதியும் தீர்ந்து, இரண்டாம் அச்சு ஆஃப்செட்டில், சிவகாசியில் 1,000 என்று முடிவானது. தாள் மறுபடி மேப்லித்தோ, அதனால் ஸ்பைன் மறுபடி 10 மி.மீ.க்கு இறங்கியது. பழைய கோப்பை அப்படியே அனுப்பியிருந்தால் கேஜ் இடம் மாறியிருக்கும். பதிப்பாளர் அச்சகத்துக்குச் சொல்லுமுன் என்னிடம் சொன்னதற்குக் காரணம் கடிதத்தில் இருந்த மறு அச்சு வரிதான். அந்த 1,500 ரூபாய் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனாலும் வாக்குவாதம் இல்லாமல் வந்தது. அச்சக அண்ணாச்சியிடம் முதல் அச்சுப் பிரதி ஒன்றைக் கொடுத்து, "இந்தத் தண்ணி நிறம் மாறாம வரணும்" என்று கேட்டுக்கொண்டேன். மஞ்சள் பிளேட்டை ஓட்டும்போது அதைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து அடித்துக் கொடுத்தார்.

அந்தப் பதிப்பகத்தின் அடுத்த நூல் இப்போது என் மேசையில் இருக்கிறது. இந்த முறை மாதிரிப் படம் எதுவும் வரவில்லை. மெய்ப்புப் பிரதியும், தாளின் ஜிஎஸ்எம்மும், ஆசிரியரின் போன் எண்ணும் ஒரே மின்னஞ்சலில் வந்தன.